ஊர் திருத்திய நாடகம்

1955 ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில், விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவன் முதலாம் தவணை விடுமுறைக்கு வீடு திரும்புகிறான். வந்து பார்த்தால் வீடு இல்லை. ஊரே இல்லை. மண்ணும் தடியும் புல்லும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. காணிக்காகப் போராடிய மௌ மௌ போராளிகளுக்கும் ஊர்மக்களுக்கும் இடையில் தொடர்பு இருக்கக் கூடாது என்று எண்ணிய பிரித்தானிய ஆட்சி, சிதறியிருந்த குடும்பங்களையெல்லாம் பிடுங்கிக் காவலுக்குள் இருந்த புதிய குடியிருப்புகளுக்கு மாற்றியிருந்தது. அந்த மாணவனின் தாயும் அப்படியான ஒரு குடியிருப்பிலேயே இருந்தார். அதன் பெயர் காமிரித்து.

இடம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த மாணவன்தான் பின்னாளில் உலகமெங்கும் அறியப்பட்ட எழுத்தாளரான கூகி வா தியாங்கோ. 2025 மே மாதம் அவர் காலமானார். அவருடைய நாவல்களைப் பற்றி நாம் இங்கே கதைக்கப் போவதில்லை. அதே காமிரித்துவில் 1977 இல் உருவான ஒரு நாடகத்தைப் பற்றியே கதைக்கப் போகிறோம். எழுதி முடித்த நாடகத்தை நடிகர்களிடம் கொடுத்து மேடையேற்றுவது ஒரு வழி. எழுதியதை முதலில் ஊருக்கு வாசித்துக் காட்டி, ஊர் சொன்னபடி திருத்தி, அதன் பின் மேடைக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. இரண்டாவது வழி எப்படி நடக்கிறது, அதில் என்ன கஷ்டங்கள் உண்டு என்பதைச் சொல்லக் காமிரித்துவை விட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

ஞாயிறு தோறும் வந்த பெண்

கென்யா 1963 இல் சுதந்திரம் பெற்றது. ஆனால் காணியை இழந்த எல்லோருக்கும் காணி திரும்பக் கிடைக்கவில்லை. காவல் முட்கம்பிகள் போன பின்பும் காமிரித்து அப்படியே ஒரு பெரிய கிராமமாக நிலைத்துவிட்டது. அங்கிருந்தவர்கள் லிமுருப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களிலும், பெரிய கமங்களிலும், அருகில் இருந்த சப்பாத்துத் தொழிற்சாலையிலும் கூலிக்குப் போனார்கள். சிலருக்குத் துண்டுக் காணி இருந்தது. பலருக்கு அதுவும் இல்லை.

1976 இல் கூகி நைரோபிப் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர். வீடு லிமுருவில்தான். ஊர்ப் பெண் ஒருவர் அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நீங்கள் நிறையப் படித்தவராம், புத்தகம் எழுதுகிறவராம், அந்தப் படிப்பில் கொஞ்சத்தை இந்த ஊருக்கும் தந்தால் என்ன என்று கேட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். இப்படித்தான் காமிரித்துவில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு ஆரம்பமானது. அந்த வருடம் யூலையில் தொடங்கிய வகுப்பில் டிசெம்பருக்குள் 55 பேர் எழுதவும் வாசிக்கவும் பழகிவிட்டார்கள்.

எழுத்துப் பழகியாயிற்று, அடுத்து என்ன? நாடகம் என்று தீர்மானித்தார்கள். கூகியும், வளர்ந்தோர் கல்வியில் அனுபவம் உள்ள கூகி வா மிரி என்பவரும் எழுதுவதென்று முடிவாயிற்று. பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள். நெறியாள்கைக்குக் கிமானி கெச்சாவ் வந்து சேர்ந்தார். கூகி அதுவரை எழுதிய நாவல்களும் நாடகங்களும் ஆங்கிலத்தில்தான். ஊரவர் நடிக்க வேண்டும், ஊரவர் பார்க்க வேண்டும் என்றால் அது அவர்களுடைய கிக்குயு மொழியில் இருந்தேயாக வேண்டும். பேராசிரியர் தன் தாய்மொழியில் நாடகம் எழுதப் பழக வேண்டியதாயிற்று. இதை அவரே பின்னர் பல இடங்களில் எழுதியிருக்கிறார்.

சுவரில் தொங்கிய உறுதி

நாடகத்தின் பெயர் ‘ங்காஹிக்கா டீண்டா’. நான் விரும்பும்போது மணம் செய்வேன் என்று பொருள். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிகூண்டா ஒரு கூலித் தொழிலாளி. அவனுக்குச் சொந்தமாக இருப்பது ஒன்றரை ஏக்கர் காணி மட்டுமே. அந்தக் காணி உறுதியைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறான். அவனுடைய முதலாளி கியோய் என்பவனுக்கு அந்த ஒன்றரை ஏக்கர் வேண்டும். வெளிநாட்டாரோடு சேர்ந்து பூச்சிமருந்துத் தொழிற்சாலை கட்டுவதற்கு.

கியோய் அடித்துப் பறிக்கவில்லை. அவனும் மனைவியும் பக்திமான்களாக வீட்டுக்கு வருகிறார்கள். நீங்கள் ஊர்முறைப்படி சேர்ந்து வாழ்வது பாவம், கோயிலில் திருமணம் செய்யுங்கள் என்கிறார்கள். கிகூண்டாவும் மனைவி வங்கேச்சியும் வேறுவிதமாக நினைக்கிறார்கள். முதலாளியின் மகன் தங்கள் மகள் கத்தோனியோடு பழகுகிறான் அல்லவா, சம்பந்தம் பேசத்தான் இந்த முன்னேற்பாடு என்று நம்பிவிடுகிறார்கள். கலியாணத்துக்கு உடுப்பு வேண்டும், கேக் வேண்டும், விருந்து வேண்டும். உறுதி சுவரிலிருந்து இறங்கி வங்கிக்குப் போகிறது. கியோய் பிணை நிற்கிறான். பின்பு மகள் கர்ப்பமாகிறாள், முதலாளியின் மகன் கைவிடுகிறான். கேட்கப் போன கிகூண்டா வேலையை இழக்கிறான். வங்கி கடனைக் கேட்கிறது. காணி ஏலத்துக்கு வருகிறது. வாங்குகிறவன் கியோய்.

சமயத்தைக் காட்டி ஏழையின் காணியைப் பிடுங்கும் கதை இது. திருச்சபை சார்ந்த எங்களைப் போன்றவர்களுக்கும் இது உறைக்கத்தான் செய்யும். உறைக்க வேண்டியதும்தான்.

வாசிப்பில் நடந்தது என்ன?

இரு கூகிகளும் எழுதிக் கொண்டுவந்தது முடிந்த நாடகம் அல்ல, ஒரு முன்வரைவு. 1977 இன் முற்பகுதியில் அதை ஊரவர் கூடிய இடத்தில் வாசித்தார்கள். வாசிக்க, கேட்டவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். அந்தக் கதையில் இருந்தே நாடகம் மாறியது.

முதலில் அடிபட்டது மொழி. நாடகத்தில் ஒரு வயோதிபர் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இடைமறித்தார்கள். இந்த வயதில் உள்ள மனிதர் இப்படிப் பேசமாட்டார், அவருக்கு மரியாதை இருக்க வேண்டுமானால் இன்ன இன்ன பழமொழி அவர் வாயில் வர வேண்டும், பல்கலைக்கழகத்தில் நீங்கள் படித்தது இவ்வளவுதானா என்று கேட்டார்கள். எழுத்தாளர்கள் கோபிக்கவில்லை. குறித்துக்கொண்டார்கள். ஒரு கிழவனும் ஒரு வாலிபனும் ஒரே சொல்லை ஒரே விதமாகச் சொல்லமாட்டார்கள் என்பதை அவர்களுக்குக் கற்பித்தது எந்த நூலும் அல்ல.

அடுத்தது வேலை. தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று எழுத்தாளர்களுக்குத் தெரியாது. சப்பாத்துத் தொழிற்சாலையின் ஒரு பிரிவில் வேலை செய்தவர்கள் கூடியிருந்து கணக்குப் பார்த்தார்கள். தாங்கள் ஒரு நாளில் எத்தனை சோடி சப்பாத்துச் செய்கிறோம், அதன் விலை என்ன, தங்கள் சம்பளம் என்ன? ஒரே நாளில் செய்து முடிக்கும் சப்பாத்துகளின் பெறுமதி, அங்கு வேலை செய்த மூவாயிரம் பேருடைய ஒரு மாதச் சம்பளம் முழுவதற்கும் சமம் என்று வந்தது. அந்தக் கணக்கை எழுத்தாளர்களுக்கும் ஊருக்கும் விளக்கிச் சொன்னார்கள். தன் உழைப்பின் கணக்கை ஒருவர் தானே கூட்டிப் பார்ப்பது என்பது நாடகத்துக்கு அப்பாலும் பெரிய காரியம்.

மூன்றாவது பாட்டு. நாடகத்தில் ஒரு திருமணச் சடங்கு வருகிறது. கிக்குயு மக்களிடம் கிட்டீரோ என்ற ஒரு பாட்டு முறை உண்டு. இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பாட்டிலேயே சீண்டிப் பதில் சொல்லும் முறை. அதன் அடிகளைச் சரியாக அறிந்திருந்தவர் எழுத்தறியாத ஒரு வயோதிபப் பெண். அவர் அடி அடியாகச் சொல்ல, எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். எமது ஊர்களிலும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த ஆச்சிமார் வாசிப்புக்கு வராமல் அடுப்படியில் இருந்துவிடுவது வழக்கம். அவர்களைக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்த வேண்டும்.

ஒத்திகையும் ஒளித்து நடக்கவில்லை. ஊரின் வேலை நேரத்தைப் பார்த்துச் சனி, ஞாயிறு பின்னேரங்களில் திறந்த வெளியில் நடந்தது. முதலில் இதற்குக் காரணம் கொள்கை அல்ல, மண்டபம் இல்லாமைதான். ஆனால் வெளியில் நடந்தபடியால் வழியால் போகிறவரும் நின்று பார்த்தார். பார்த்தவர் சும்மா நிற்கவில்லை, பிழை சொன்னார். வரவர ஆட்கள் கூடினார்கள். இளைஞர் சிலர் தீக்குச்சிகளை நிலத்தில் அடுக்கி ஒரு மேடையின் மாதிரியைச் செய்து பார்த்து, பின்பு அதைப் போலவே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்து பார்க்கக்கூடிய ஒரு திறந்தவெளி அரங்கை ஊரவரோடு சேர்ந்து கட்டினார்கள்.

1977 ஒக்டோபர் 2 ஆம் திகதி நாடகம் அரங்கேறியது. பார்க்க வந்த பலருக்கு வசனங்களும் பாட்டுகளும் ஏற்கெனவே மனப்பாடம். ஒரு ஞாயிறு நாடகம் நடக்கும்போது மழை கொட்டியது. சனம் ஓடிப்போய் ஒதுங்கி நின்று, மழை விட்டதும் திரும்பி வந்து இருந்தது. மூன்று தரம் இப்படி நடந்தும் எவரும் வீட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 16 ஆம் திகதி அரசு நாடகத்துக்கான அனுமதியை இரத்துச் செய்தது. டிசெம்பர் 31 ஆம் திகதி கூகி கைதாகி, விசாரணை இன்றி அடுத்த டிசெம்பர் வரை சிறையில் இருந்தார். ஆங்கிலத்தில் அதற்கு முன்பும் ஆட்சியாளரை விமர்சித்து எழுதியவர்தான் அவர். அப்போதெல்லாம் சிறை வரவில்லை. கூலித் தொழிலாளரின் மொழியில், அவர்களே திருத்தி, அவர்களே நடித்தபோதுதான் வந்தது. 1982 மார்ச் 12 ஆம் திகதி ஆயுதம் தாங்கிய பொலிஸார் மூன்று லொறிகளில் வந்து அந்தத் திறந்தவெளி அரங்கை இடித்துத் தள்ளினார்கள்.

எமது கூத்தும் புதிய நாடகமும்

ஊர் கூடித் திருத்துவது எமக்குப் புதிதல்ல. மட்டக்களப்பில் கூத்து அரங்கேறுமுன் ‘அடுக்குப் பார்த்தல்’ உண்டு. வடக்கில் கத்தோலிக்கக் கூத்து நடக்கும் ஊர்களில் வேட உடுப்பு இல்லாமல் ஆடிப்பார்க்கும் ‘வெள்ளுடுப்பு’ உண்டு. அண்ணாவியாரும் ஊர்ப் பெரியவர்களும் இருந்து, தாளம் தப்பியது, இராகம் விலகியது, ஆட்டம் பிந்தியது என்று சொல்லுவார்கள். ஆனால் அங்கே கதை முன்பே ஏட்டில் இருப்பது. அருச்சுனன் போருக்குப் போகலாமா என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் இடப்பெயர்வைப் பற்றி ஒரு புதிய நாடகம் எழுதினால், திருத்தப்படப் போவது கதையேதான். அதனால் இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம் எடுப்போம். முகாமில் இருக்கும் ஓர் இளைஞன் நாடகம் எழுதுகிறான். முதற் காட்சியில் ஷெல் விழுகிறது, குடும்பம் வீட்டை விட்டு ஓடுகிறது. தகப்பன் பெட்டியைத் திறந்து காணி உறுதியை எடுத்து மடியில் கட்டுகிறார், தாய் சுவாமிப் படத்தை எடுக்கிறார். நல்ல காட்சி என்றுதான் அவனுக்குத் தோன்றும். வாசித்து முடிய, பின்னால் இருந்து ஒரு கமக்காரர் கேட்கிறார்: “தம்பி, மாடு என்ன மாதிரி? கட்டையில நிண்ட மாட்டை அவிட்டு விட்டவையோ?”

எழுதியவன் மாட்டை நினைக்கவேயில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவர் அவிழ்த்துவிட்டார், அது பின்னாலேயே வந்தது. இன்னொருவருக்கு அவிழ்க்க நேரம் இருக்கவில்லை, அவர் அதற்கு மேல் கதைக்கவில்லை. விதை நெல் மூடையைத் தூக்கி வந்து, வழியில் அதையே குற்றிச் சமைத்ததை ஒரு பெண் சொல்லுகிறார். நாடகத்தின் முதற் காட்சி அந்த இடத்தில்தான் பிறக்கிறது. எழுதியவன் தனியே இருந்து எத்தனை இரவு யோசித்தாலும் அது வந்திராது.

வாசிப்பை எப்படி நடத்துவது?

எழுதியவர் தானே வாசிக்காமல் இன்னொருவரைக் கொண்டு வாசிப்பிப்பது நல்லது. எழுதியவர் வாசித்தால் குரலால் குறையை மூடிவிடுவார். மூன்று நான்கு பேர் பாத்திரங்களைப் பிரித்து, இருந்தபடியே வாசித்தால் போதும். நடிக்க வேண்டாம். எழுதியவர் ஒரு பக்கத்தில் இருந்து சனத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் எந்த இடத்தில் எழும்பி ஓடுகிறார்கள், ஆண்கள் எந்த இடத்தில் சுருட்டுப் பற்றவைக்கிறார்கள், எந்த இடத்தில் ஒருவரும் அசையவில்லை என்பவற்றைக் கொப்பியில் குறியுங்கள். வாயால் வரும் விமர்சனத்திலும் இது நம்பகமானது.

முடிந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்க வேண்டாம். எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். “நல்லாயிருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். அதற்குப் பதிலாக, கதையை எங்களுக்குத் திரும்பச் சொல்லுங்கள் என்று ஒருவரைக் கேளுங்கள். அவர் எதை விட்டுவிடுகிறாரோ அது காதில் விழவில்லை. எதை மாற்றிச் சொல்லுகிறாரோ அது தெளிவாக எழுதப்படவில்லை, அல்லது அவர் மாற்றிச் சொன்னதுதான் சரி. இரண்டையும் யோசித்துப் பார்க்க வேண்டும். பின்பு, இந்த ஆள் இப்படிச் செய்திருப்பாரா, உங்கள் வீட்டில் இது நடந்தால் யார் முதலில் வாய் திறப்பார் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கேட்பவர் குறை சொல்லும்போது எழுதியவர் விளக்கம் கொடுக்கக் கூடாது. இது மிகவும் கஷ்டம். “நான் என்ன நினைச்சு எழுதினனான் எண்டால்...” என்று தொடங்கிய உடனேயே மற்றவர் வாயை மூடிவிடுவார். நாடகம் நடக்கும் நாளில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் பக்கத்தில் இருந்து நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது.

பெண்களோடு தனியாக ஒரு வாசிப்பு வையுங்கள். ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் பல பெண்கள் பேசமாட்டார்கள். கிணற்றடியிலோ, தையல் வகுப்பு முடிந்த பின்னோ அதே காட்சியை வாசித்தால் முற்றிலும் வேறு திருத்தங்கள் வரும். நாளைத் தெரிவு செய்யும்போது நிவாரணம் கொடுக்கும் நாளையும், கூலிவேலை கிடைக்கும் காலத்தையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் திருத்தத்தையும் ஏற்பதா?

இல்லை. ஒருவர் பாட்டைக் கூட்டு என்பார், மற்றவர் பாட்டே வேண்டாம் என்பார். எல்லோருக்கும் தலையாட்டினால் நாடகம் கஞ்சியாகிவிடும். தன் தொழிலைப் பற்றி, தான் பட்டதைப் பற்றி ஒருவர் சொல்லும் திருத்தத்தை மறுபேச்சின்றி ஏற்கலாம் என்பது எமது அபிப்பிராயம். நாற்று நடுகிற பெண் நடுகையைப் பற்றிச் சொன்னால் அதோடு வாதாட ஒன்றுமில்லை. முடிவு இப்படி இருக்க வேண்டும், வில்லன் சாக வேண்டும் என்பவை வேறு வகை. அவற்றை அவை ஏன் சொல்லப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று பலர் சொன்னால் பிழை பெரும்பாலும் முடிவில் இராது. நடுவில் எங்கோ ஒரு காட்சி தன் வேலையைச் செய்யாமல் நிற்கும்.

இன்னொரு விடயத்தில் மிகுந்த அவதானம் தேவை. வாசிப்பைக் கேட்கும்போது சிலருக்கு நெஞ்சில் அடைபட்டுக் கிடந்தவை வெளிவரும். ஒரு தாய் காணாமற் போன தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கலாம். அவ்வேளையில் கொப்பியை மூடி வையுங்கள். அது உங்கள் நாடகத்துக்கு வந்த வசனம் அல்ல. பின்னர் ஒரு நாள் போய், இதை நாடகத்தில் சேர்க்கலாமா என்று அவரிடம் தனியே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சம்மதித்தாலும் பெயரையும் ஊரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் மாற்றிவிடுங்கள். காமிரித்துவில் எழுத்தாளர் சிறை போனார், அவருக்கு உலகமெங்கும் இருந்து ஆதரவுக் குரல் வந்தது. முகாமில் ஒரு உண்மையைச் சொன்ன தாய்க்கு அப்படி எவரும் குரல் கொடுக்கமாட்டார்கள்.

எத்தனை தரம் வாசிப்பது? மூன்று தரம் போதும் என்று நினைக்கிறோம். முதலாம் வாசிப்பில் கதை திருந்தும், இரண்டாவதில் மொழி திருந்தும். மூன்றாவதில் அனேகமாக வெட்டத்தான் இருக்கும். அதன் பிறகும் எழுதிக்கொண்டிருந்தால் நடிகர்களுக்கு வசனம் பாடமாகாது. மிச்சத் திருத்தங்கள் ஒத்திகையில் வரட்டும். ஒத்திகையை வெளியில், ஆட்கள் போய்வரும் இடத்தில் வைத்தால் அவை தாமாகவே வரும்.

ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும் பழைய பிரதியை எறிந்துவிட வேண்டாம். வெட்டிய காட்சி பிறகு தேவைப்படலாம். முடிந்த பிரதியைக் குறைந்தது மூன்று கொப்பிகளில் எழுதி, ஒன்றை எழுதியவரும் ஒன்றை நடிகர் ஒருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.